கொசுறுக்கு முதல் மரியாதை

காய்கறிக் கடையில் நாம் காசு கொடுக்க மறுக்கும் சரக்கு ஒன்று உண்டென்றால் அது கொத்தமல்லிதான். முந்நூறு ரூபாய்க்குக் காய் வாங்கிவிட்டு, "அண்ணா, கொஞ்சம் கொத்தமல்லி, கறிவேப்பிலை போடுங்க" என்று பையை விரித்துப் பிடிப்பது நம் பிறப்புரிமை. கொசுறு! அதற்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா?

பார்க்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டின் பளபளக்கும் முன்வாசலை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டி குவிந்து கிடக்கும் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து பாருங்கள். லாரி, கிடங்கு, குளிர் அறை, கணினி, அத்தனையும் அந்தக் கொசுறு இழுத்த இழுப்புக்குத்தான் ஆடுகின்றன. அரிசி மூட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். எண்ணெய் டின்னும் அப்படியே. சோப்புக்கு அவசரமே கிடையாது. கொத்தமல்லியை மட்டும் மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள், தலை தொங்கியிருக்கும். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது முதலாளி அல்ல, மேனேஜரும் அல்ல. சாட்சாத் கொத்தமல்லி!

கதை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. ஓசூர் பக்கம் சூளகிரி வட்டாரம் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பேர்போனது. வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கைப் போர்த்தி வண்டியேற்றினால் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை. இன்னொரு பக்கம் ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய் புறப்பட்டிருக்கும். மேட்டுப்பாளையம் மண்டிகளைத் தாண்டி நீலகிரி கேரட்டும் உருளையும் இறங்கிவரும். ராயக்கோட்டை, கோலார், மதனப்பள்ளி என்று மூன்று மாநிலத் தக்காளியும் ஒரே நெடுஞ்சாலைகளில் ஒன்றையொன்று ஹாரன் அடித்து முந்தும். நாசிக் பக்கத்து லாசல்காவிலிருந்து கிளம்பிய வெங்காயம் மட்டும் பதற்றமே இல்லாமல், வலைப்பைக்குள் காற்று வாங்கிக்கொண்டு, வழியில் ராத்திரிகளைக் கழித்துவிட்டு நிதானமாக வந்துசேரும். சித்திரை, வைகாசியில் பட்டறை போட்டு வைத்த வெங்காயம் தீர்ந்துபோய்ப் புதுசு வருவதற்குள் ஓர் இடைவெளி விழும். அந்தச் சமயத்தில்தான் வெங்காய விலை தினசரிகளின் முதல் பக்கத்துக்கு வரும்.

இவை எல்லாம் கூடும் இடம் கோயம்பேடு. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் மூச்சுமுட்டிக் கிடந்த சந்தை 1996-இல் இங்கே குடிவந்தது. 295 ஏக்கர். ஊருக்கெல்லாம் ராத்திரி என்றால் இங்கே அதுதான் உச்சி வேளை. "வழி, வழி, வழி!" என்று கத்திக்கொண்டே தலையில் மூட்டையோடு ஓடுகிற லோடுமேன்களுக்கு நடுவில் நின்று வேடிக்கை பார்த்தால் முட்டி தப்பாது. சுவரோரம் ஒதுங்குங்கள், அங்கேயும் ஒரு தள்ளுவண்டி வரும்.

இங்கே எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "வரத்து எப்படி?" வரத்து அதிகமென்றால் விலை விழும், குறைந்தால் ஏறும். தர்மபுரியில் பெய்த மழை சென்னை ரசத்தில் தெரிவது இந்த ஒரு வார்த்தை வழியாகத்தான். விடிய விடிய தக்காளிப் பெட்டிக்கு ஒரு விலை, விடிந்து வெயில் ஏறியதும் இன்னொரு விலை. மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாதே! 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேட்டை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். செப்டம்பர் இறுதியில் மொத்தக் காய்கறிக் கடைகள் திரும்பி வருவதற்குள், அதுவரை கோயம்பேட்டைத் திரும்பியும் பார்க்காத சென்னைவாசிக்குக்கூடத் தன் சாம்பார் எந்த வழியாக வருகிறது என்பது புரிந்துபோயிற்று.

இப்போது சங்கிலிக் கடைக்காரர்கள் பலர் சந்தையை மட்டும் நம்புவதில்லை. விளையும் ஊரிலேயே கொள்முதல் மையம் வைத்து நேரடியாக எடுக்கிறார்கள். அங்கே நிற்கும் தரம்பிரிப்பவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் கையில் கருவி எதுவும் இல்லை. வெண்டைக்காயின் முனையை ஒடிக்கிறார்கள். 'டொக்' என்றால் எடு, வளைந்தால் ஒதுக்கு. கத்தரிக்காயின் காம்பைப் பார்க்கிறார்கள். முருங்கையை முறுக்கிப் பார்க்கிறார்கள். கடையில் நம் அம்மாக்கள் செய்தால் "ஒடிக்காதீங்கம்மா" என்று எரிந்துவிழுவார்களே, அதே வேலைக்கு இங்கே மாதச் சம்பளம்!

இறுகக் கட்டிய பீன்ஸ் மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, மூச்சு விட விடத் தன் சத்தைத் தானே எரிக்கிறது, எரிக்க எரிக்கச் சூடு. சூடு ஏறினால் மூச்சு இன்னும் வேகம். இந்தச் சுழலை எங்கேயாவது உடைக்க வேண்டும். அதற்குத்தான் குளிர் அறை.

செங்குன்றம், ஒரகடம் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது ஜன்னலே இல்லாத பெரிய தகரக் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். "உள்ளே என்னதான் இருக்கும்?" என்று தோன்றியிருக்கும். அப்படி ஒன்றுக்குள் புகுந்தால் முதலில் மூக்குக்கு விருந்து. ஒரு கதவைத் திறந்தால் பச்சைத் தழை வாசம், அடுத்த கதவில் மாம்பழம், அதற்கடுத்ததில் எலும்புக்குள் இறங்கும் குளிர். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். சித்திரை மாதச் சென்னையில்!

ஆளாளுக்கு ஓர் அறை, ஆளாளுக்கு ஒரு குளிர். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் நல்ல குளிரும் ஈரமும் வேண்டும். தக்காளியை அந்த அறையில் வைத்தால் ருசி போய் மாவாகிவிடும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகச் செத்துப்போகும். உருளைக்கிழங்குக்கு அதிகக் குளிர் கொடுத்தால் உள்ளேயிருக்கும் மாவு சர்க்கரையாக மாறி, சிப்ஸ் போட்டால் கருகும். வெங்காயத்துக்கு ஈரமே ஆகாது. ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் கழித்தல் 18 டிகிரியில் தனி ராஜ்யம். இதில் நாம் வீட்டில் என்ன செய்கிறோம் என்றால், அத்தனையையும் ஒரே ஃபிரிட்ஜில் திணித்துவிட்டு, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறோம்.

குளிரைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. ஆப்பிளும் வாழையும் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பக்கத்தில் இருப்பவர்களையும் வயசாக்கிவிடும். கீரை மஞ்சளாகும், வெள்ளரிக்காய் வெளிறும், கொத்தமல்லியைக் கேட்கவே வேண்டாம். ஆகவே ஆப்பிளும் கொத்தமல்லியும் ஒரே அறையில் தங்கக் கூடாது என்பது இங்கே எழுதப்பட்ட சட்டம். கிடங்கின் வரைபடத்தில் ஆப்பிள் ஒரு கோடி, கொத்தமல்லி மறு கோடி.

அதே எத்திலீனைக் கொண்டுதான் வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'சேம்பர்' என்பார்கள். பச்சைக் காயாக வந்த சீப்புகளைப் பெட்டி பெட்டியாக அறைக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, எத்திலீனை அளந்து விடுவார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு வரைதான் சட்டம் அனுமதிக்கிறது; கால்சியம் கார்பைடுக்குத் தடை. இடையிடையே கதவைத் திறந்து காற்று மாற்றியே ஆக வேண்டும். காய்கள் விடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கினால் பழுப்பது மந்தமாகிவிடும். பச்சை 1-இல் தொடங்கிப் புள்ளி விழுந்த மஞ்சள் 7-இல் முடியும் வண்ண அட்டை ஒன்று சுவரில் தொங்கும். கடைகளுக்கு அனுப்பத் தோதானது 4. பச்சையைவிட மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருக்கும் நிறம். "மூணே மூணு சீப்பு நாலாம் நம்பர் கொடு" என்று யாராவது போனில் பேசினால் லாட்டரி என்று நினைத்துவிடாதீர்கள்.

மளிகைப் பக்கம் அவ்வளவு பதற்றம் இல்லை; அங்கே மூக்குதான் காவல்காரன். டீத்தூள் பக்கத்தில் ஊதுபத்தி வைக்கக் கூடாது, அரிசி பக்கத்தில் சோப்பு வைக்கக் கூடாது. தெருமுனைக் கடையில் வாங்கி, சோறு லைஃப்பாய் மணக்கச் சாப்பிட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமக்கல் முட்டை அட்டைக்கு 30, பெட்டிக்கு 7 அட்டை, ஆக 210 என்று வந்து இறங்கும். அதையும் வாசனைச் சரக்கிடமிருந்து தள்ளியே வைப்பார்கள். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டே!

ஒவ்வொரு சரக்கும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கையடக்க ஸ்கேனர் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு ஒரு பிறந்தநாள் இருக்கிறது: 1974 ஜூன் 26. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டிராய் என்ற சிற்றூரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்றுதான் உலகத்தில் முதன்முதலாகக் கடையில் பார்கோடு வழியே விற்கப்பட்ட பொருள். நம் ஊர்ப் பொட்டலங்களில் அந்தக் கோடுகளுக்கடியில் 890 என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் பதிவு வாங்கிய நிறுவனம் என்று அர்த்தம். கொத்தமல்லிக் கட்டுக்கு யார் கோடு ஒட்டுவது? கட்டுகளை அடுக்கிய கிரேட்டுக்கு ஒட்டுகிறார்கள்.

லாரி ஏற்றும் நேரம்தான் உண்மையான திருவிழா. எல்லாமே தலைகீழ்! கடைசியாகப் போகும் கடையின் சரக்கு முதலில் ஏறும், ஆழத்தில். முதல் கடையின் சரக்கு கதவோரம். இதில் ஓர் எண் மாறிப்போனால், வேளச்சேரியில் நடுத்தெருவில் நின்று தாம்பரத்து உப்பு மூட்டைகளை இறக்கி ஏற்றி வியர்க்க வேண்டியதுதான். கீழே அரிசி, மேலே எண்ணெய், அதற்கும் மேலே பிஸ்கட், உச்சியில் சிப்ஸ். கோயில் தேரில் யாருக்கு முதல் வடம் என்று ஊரே கணக்குப் பார்க்குமே, அந்தத் தீவிரத்தோடு ஏற்றுகிறார்கள். அரிசி லாரி பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை வரம்பைத் தொட்டுவிடும். சிப்ஸ் லாரி கூரை முட்ட நிறைந்த பிறகும் எடைமேடையில் வெட்கப்படும். இரண்டையும் சரியாகக் கலந்து ஏற்றுபவர்தான் கெட்டிக்காரர். கிடங்கில் அவருக்கு ஏக மதிப்பு.

சிப்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டிக் கடைக்குப் போகும் வண்டியில் ஒரு வேடிக்கை நடக்கும். மேட்டுப்பாளையத்தில் சாதுவாக இருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள், வளைவுகளில் ஏற ஏற, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உப்பிக்கொண்டே போகும். 2,200 மீட்டருக்கு மேலே இறக்கும்போது ஒவ்வொன்றும் தலையணை. இறுக்கிக் கட்டியிருந்தால் பெட்டியே பிதுங்கும். கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடுக்க வேண்டும்.

காகிதத்திலும் பாகுபாடு உண்டு. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை, இ-வே பில்லும் கேட்க மாட்டார்கள். பிஸ்கட்டுக்கு இரண்டும் வேண்டும்; 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அந்த பில்லுக்கே ஆயுள் உண்டு. கொத்தமல்லிக்குச் சாலையில்கூட சலுகை பாருங்கள்.

சரி, எந்தக் கடைக்கு எவ்வளவு என்று யார் சொல்கிறார்கள்? கணினி சொல்லும். போன வாரம், போன மாதம், போன வருஷம் இதே தேதி என்று விற்பனையைப் புரட்டிப் பார்த்து ஓர் எண்ணைத் துப்பும். இங்கேதான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன வருஷம் இதே தேதியில் தீபாவளி இருந்திருக்கும். இந்த வருஷம் இருக்காது! ரமலான் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும், பேரீச்சம்பழமும் கூடவே நகர வேண்டும். புரட்டாசி பிறந்தால் முட்டை விற்பனை படுத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணியும் மலையாகக் குவிய வேண்டும், மறுநாள் ஒரு பூசணியும் மிஞ்சக் கூடாது. முகூர்த்த நாளில் வாழை இலை எட்டாத உயரத்துக்குப் போகும். ஆக, சப்ளை செயின் படித்து மடிக்கணினியோடு வந்த தம்பியின் மேசைக்கு மேலே தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த அதே காலண்டர்தான்.

கணிப்பு தப்பினால் எப்படித் தப்பும் என்பதற்குப் பாடப்புத்தகக் கதையே இருக்கிறது. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பேம்பர்ஸ் டயபர் விற்பனையைப் பார்த்துக் குழம்பியது. குழந்தைகள் தினமும் ஒரே அளவில்தான் நனைக்கின்றன, கடையில் விற்பனையும் சீராகத்தான் இருக்கிறது, ஆலைக்கு வரும் ஆர்டர் மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது? கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார், மொத்த வியாபாரி அதற்கு மேல் கொஞ்சம், விநியோகஸ்தர் அதற்கும் மேல். கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பளீர் என்று விழும் சாட்டையடி. அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஜே ஃபாரெஸ்டர் என்ற எம்ஐடி பேராசிரியர் இந்தத் துள்ளலை 1961-லேயே தன் புத்தகத்தில் விளக்கிவிட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பால் பாக்கெட்டுக்கு நடந்த அலைச்சலை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் வரத்து நின்றது ஒரு பக்கம். ஒரு பாக்கெட் வாங்குகிறவர்கள் கிடைத்த இடத்தில் நாலாக வாங்கி வைத்தது மறுபக்கம்.

விடிகாலையில் கடையின் பின்வாசல் ஷட்டர் பாதி தூக்கியிருக்கும். குனிந்து உள்ளே போனால் ஒரு தராசு, ஒரு வெப்பமானித் துப்பாக்கி, தூக்கக் கலக்கத்தில் ஓர் அக்கா. அவர்தான் சரக்கை வாங்கும் பொறுப்பாளர். வண்டிக் கதவு திறந்ததும் அவர் முதலில் கை வைப்பது எதன்மேல் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கட்டை எடுத்து உதறினார், வேரோரம் மோந்து பார்த்தார், தராசில் கிரேட்டை ஏற்றினார்.

"எடை கம்மியா இருக்கே."

"ஈரம் காஞ்சிருக்கும்க்கா. தண்ணி தெளிச்சா சரியாயிடும்."

"தண்ணிக்கா நான் கையெழுத்துப் போடுறது?"

டிரைவர் பதில் பேசவில்லை. பச்சை இலைச் சரக்கு வழியில் ஈரத்தை விட்டு எடை இழப்பது இயற்கை. அந்த நஷ்டம் கிடங்கின் கணக்கிலா கடையின் கணக்கிலா என்பது மட்டும் மனிதர்களின் சண்டை. அது முடிந்ததும் அடுத்த சண்டை காலி கிரேட்டுக்கு. நேற்று வந்த கிரேட்டை இன்று திருப்ப வேண்டும். ஆனால் ஒன்றில் யாரோ தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று செக்யூரிட்டி அண்ணன் உட்காரும் நாற்காலியாகிவிட்டது. இந்தத் தொழிலில் காலி கிரேட்டும் பணம்தான், எண்ணித்தான் வாங்குவார்கள்.

அடுக்குவதிலும் ஒரு விதி உண்டு: முதலில் காலாவதியாவது முன்னால், புதிது பின்னால். கடைப் பையன்கள் மாங்கு மாங்கென்று அப்படி அடுக்குவார்கள். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முதல் வாடிக்கையாளர் வருவார், தயிர் அடுக்கில் முழங்கை வரை கையை விட்டு, ஆகக் கடைசியிலிருந்து ஒன்றை உருவுவார். பையன் பார்த்துக்கொண்டே நிற்பான். அவன் வீட்டு அம்மாவும் அதைத்தானே செய்கிறார்!

செயலியில் கேட்டால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறதே, அந்த மாயம்? அதன் பின்வாசல் இன்னும் ருசிகரம். வாடிக்கையாளரே நுழையாத சின்னக் கடை அது, 'டார்க் ஸ்டோர்' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், உள்ளே டியூப்லைட் கண்ணைப் பறிக்கும். அழகுக்கு அடுக்குவது இங்கே கிடையாது. பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் அடிக்கடி போகும் சரக்கு, தூரத்தில் எப்போதாவது போவது, அவ்வளவுதான். ஒரே மாதிரியான இரண்டு சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மாட்டார்கள், அவசரத்தில் கை மாறிவிடும். எடுப்பவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிஷம். வேகத்தின் ரகசியம் பைக்கில் இல்லை. கடை உங்கள் வீட்டுக்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் ஒளிந்திருக்கிறது என்பதுதான் ரகசியம். ஓட்டுகிற பையன் பறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிக்னலில் அவன்மேல் ஹாரன் அடிக்காதீர்கள்.

இங்கேயும் கொத்தமல்லி வென்ற கதை தெரியுமா? 2024 மே மாதம் மும்பைத் தாய் ஒருவர், செயலியில் காய்கறி வாங்கினால் கொத்தமல்லிக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களே என்று அதிர்ந்துபோனார். மகன் அதைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். பிளிங்கிட் நிறுவனத்தின் தலைவரே பதில் சொல்லி, காய்கறியோடு கொத்தமல்லியை இலவசமாகச் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டார். குளிர் அறை, கணிப்பு மென்பொருள், செயலி என்று இத்தனையும் கட்டி முடித்த பிறகு, ஓர் அம்மா வந்து "கொசுறு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். வைத்தார்கள், வைக்காமல் எப்படி?

காலை எட்டு மணி. பின்வாசல் ஷட்டர் இறங்கிவிட்டது, அக்கா டீ குடிக்கிறார். அலைபேசி அடிக்கிறது. கிடங்கிலிருந்து நாளைய ஆர்டர் கேட்கிறார்கள். கணினி வாழைக்காய்க்கு இருபது கிலோ என்று எண் போட்டிருக்கிறதாம்.

"இருபதா? நாளைக்கு அமாவாசைப்பா! அறுபதா போடு. முட்டையைப் பாதியாக் குறை. கொத்தமல்லி? அதைச் சாயங்காலம் சொல்றேன், வானம் மூடிக்கிட்டு இருக்கு."